குளிர்ந்த பின்னும் தண்டவாளம் ஏன் வளைந்தே கிடக்கிறது? கணினி மாதிரியில் விடுபடுவது எது?

கேள்வி சுருக்கமாக இதுதான். முதுகலை ஆய்வுக்காக, சூடாக உருட்டி வெளிவரும் 60இ1 வகைத் தண்டவாளம் (மீட்டருக்கு ஏறத்தாழ 60 கிலோ எடையுள்ள ஐரோப்பிய வடிவம்) காற்றில் குளிர்வதை ஒருவர் வரையறு உறுப்பு முறையில், அதாவது பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறையில், கணித்திருக்கிறார். வெப்பநிலைக் கணக்கு ஓரளவு பொருந்தி வருகிறது. குளிரும் வழியில் தண்டவாளம் ஒருமுறை அடிப்பக்கமாகவும் பிறகு தலைப்பக்கமாகவும் வளைவதும் மாதிரியில் தெரிகிறது. ஆனால் அறை வெப்பநிலையை எட்டியதும் அது கிட்டத்தட்ட நேராகிவிடுகிறது. ஆலையில் கிடக்கும் தண்டவாளமோ தலை உள்வளைவில் இருக்கும்படி வளைந்தே இருக்கிறது. மெஷ்ஷை, அதாவது அந்தத் துண்டுகளின் வலையை, எவ்வளவு நுணுக்கிப் பார்த்தும் விடை மாறவில்லை என்கிறார்.

மெஷ்ஷில் பிழை இல்லை. உங்கள் மாதிரி தனக்குச் சொல்லப்பட்ட இயற்பியலுக்குச் சரியான விடையைத்தான் தருகிறது. சொல்லப்பட்ட இயற்பியல்தான் போதவில்லை. குளிர்ந்து முடிந்த தண்டவாளத்தை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். தலையும் அடியும் ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன. முழுக் குறுக்குவெட்டும், சூட்டில் இருந்த ஆஸ்டெனைட் என்ற எஃகு நிலையிலிருந்து, குளிரும்போது உருவாகும் பெர்லைட் என்ற நிலைக்கு ஏறத்தாழ ஒரே சீராக மாறி முடிந்துவிட்டது. ஆகவே வெப்பச் சுருக்கமும் நிலைமாற்றத்தால் வந்த விரிவும் எல்லாப் புள்ளியிலும் ஒரே அளவுதான். எல்லாப் புள்ளியிலும் சமமாக இருக்கும் திரிபு, அதாவது ஓர் அலகு நீளத்துக்கு வரும் நீள மாற்றம், பொருளைச் சிறிதாக்கும், பெரிதாக்கும், வளைக்காது. இறுதியில் மிஞ்சும் வளைவு முழுவதும், வழியில் எங்கோ ஏற்பட்டுத் திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட திரிபிலிருந்து மட்டுமே வர முடியும். அந்தத் திரும்பாத் திரிபைக் குறைத்து மதிப்பிடும் எந்த மாதிரியும் தண்டவாளத்தை நேராக்கித்தான் காட்டும்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தலை அடியைவிட 100 டிகிரி சூடாக இருக்கும் ஒரு கணத்தை எடுத்துக்கொள்வோம். ஆஸ்டெனைட்டின் நீள்விரிவுக் கெழு டிகிரிக்கு ஏறத்தாழ 23 மைக்ரோ, அதாவது பத்து லட்சத்தில் 23. ஆகவே நீளத் திரிபில் வேறுபாடு 0.0023. தண்டவாளத்தின் உயரம் 172 மி.மீ. உயரத்தை அந்தத் திரிபு வேறுபாட்டால் வகுத்தால் வளைவின் ஆரம் சுமார் 75 மீட்டர். 10 மீட்டர் துண்டின் நடுவில் ஏறத்தாழ 17 செ.மீ. விலகல். இது பெரிய வளைவு, கண்ணுக்கே தெரியும். ஆனால் வெப்பநிலை உயரத்தின் வழியே நேர்கோடாக மாறி, தண்டவாளம் எந்தத் தடையும் இன்றி வளைய முடிந்தால், இந்த வளைவு உள்ளே சிறிதும் தகைவை, அதாவது ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் உள்விசையை, உண்டாக்காது. தகைவு இல்லாத இடத்தில் பிளாஸ்டிக் திரிபும், அதாவது திரும்பிப் போகாத திரிபும், இல்லை. எனவே 17 செ.மீ. வளைந்த அந்தத் துண்டு, வெப்பநிலை சமமானதும் சொல்லிவைத்தாற்போல நேராகிவிடும். குளிரும்போது தெரியும் வளைவு வேறு, குளிர்ந்த பின் நிலைக்கும் வளைவு வேறு. இந்த இரண்டையும் ஒரே எண்ணின் இரண்டு பெயர்களாக எண்ணிக்கொள்வதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது.

அப்படியானால் தகைவு எங்கிருந்து வருகிறது? முதலாவது, வெப்பநிலைப் பரவல் நேர்கோடாக இருப்பதே இல்லை. 60இ1 தண்டவாளத்தின் தலை நடுக்கோட்டில் 51 மி.மீ. ஆழம், 72 மி.மீ. அகலம் கொண்ட தடித்த கட்டி. நடுத்தகடு 16.5 மி.மீ. தடிமன். அடி 150 மி.மீ. அகலம், அதன் விளிம்புகள் 11.5 மி.மீ. அளவுக்கு மெலிந்தவை. உருட்டி முடிந்து வெளிவரும் தண்டவாளத்தைக் குளிர்விப்பு மேடையில், அதாவது கூலிங் பெட்டில், பார்த்தவர்களுக்கு இது கண்ணில் நிற்கும்: தலை இன்னும் செக்கச்செவேலென்று இருக்கும்போதே அடியின் இரு ஓரங்களிலும் கருமை படரத் தொடங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்து, கருத்துப்போன பகுதி மெல்ல மீண்டும் சிவப்பேறுவதை இருட்டான கொட்டகையில் கவனிக்கலாம். ஆஸ்டெனைட் பெர்லைட்டாக மாறும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பம் அது. இப்படி விளிம்பில் ஒன்று, அடியின் நடுவில் ஒன்று, தலையின் உட்பகுதியில் ஒன்று என்று வெப்பநிலை அலையும்போது, தண்டவாளம் தன்னிஷ்டப்படி வளைந்து போக்கிக்கொள்ள முடியாத ஒரு மீதம் எப்போதும் இருக்கும். அந்த மீதமே தகைவு.

இரண்டாவது, உராய்வு. தண்டவாளங்கள் மேடையில் பெரும்பாலும் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். தலை ஒரு பக்கம், அடி மறு பக்கம். அதனால் தலை–அடித் தளத்தில் வரும் வளைவு கிடைமட்டமாக நடக்கிறது. எடை அதை நேரடியாகத் தடுப்பதில்லை, ஆனால் தாங்கிகளின் மேல் வழுக்கிச் செல்லவேண்டியிருப்பதால் உராய்வு தடுக்கிறது. மீட்டருக்கு 60.21 கிலோ எடை. உராய்வுக் கெழுவை 0.3 என்று வைத்துக்கொண்டால் மீட்டருக்கு ஏறத்தாழ 177 நியூட்டன் தடை. இது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் தண்டவாளம் நீளமானது. பிலாய் எஃகு ஆலையில் 130 மீட்டர் ஒற்றை நீளத்தில் உருட்டுகிறார்கள். சூடான நிலையில் யீல்டு தகைவு, அதாவது எஃகு நிலையாகத் திரியத் தொடங்கும் தகைவு, 30 மெகாபாஸ்கல் என்று கொண்டால், தலைப்பக்கத்தின் வெட்டுக் குணகமான (வளைவைத் தாங்கும் திறனைக் காட்டும் வடிவ அளவு) சுமார் 334 கன செ.மீ. கொண்டு பார்க்கையில், தண்டவாளம் தாங்கும் வளைவுத் திருப்புத்திறன் ஏறத்தாழ 10 கிலோநியூட்டன் மீட்டர். முனையிலிருந்து அளந்தால், உராய்வு மட்டுமே இந்த அளவுத் திருப்புத்திறனை எட்டுவதற்கு 10 அல்லது 11 மீட்டர் நீளம் போதும். அதாவது நீண்ட தண்டவாளத்தின் நடுப்பகுதி தான் விரும்பியபடி வளையவே முடியாது. உராய்வு அதைப் பெருமளவு நேராகப் பிடித்துவைக்கிறது. வளைவு முனைகளில்தான் குவிகிறது. நேராகப் பிடித்துவைக்கப்பட்ட சூடான எஃகுக்குள் தகைவு ஏறுகிறது, இளகிய நிலையில் இருப்பதால் அது பிளாஸ்டிக் திரிபாக மாறிவிடுகிறது. முன்பு சொன்ன 17 செ.மீ. கணக்கை அப்படியே 100 மீட்டருக்கு நீட்டினால் 17 மீட்டர் விலகல் வரும். ஆலையில் அப்படி எதுவும் நடக்காததற்கு உராய்வே காரணம்.

இறுதி வளைவின் திசையும் இதிலிருந்து விளங்கிவிடும். முதலில் குளிரும் அடி சுருங்க முயல்கிறது; முழுவதும் சுருங்க விடப்படாததால் இழுபட்டு, நிலையாகச் சிறிது நீண்டுவிடுகிறது. அதே நேரத்தில் சூடான தலை அமுக்கப்பட்டு, நிலையாகச் சிறிது குறுகிவிடுகிறது. இடையில் அடி பெர்லைட்டாக மாறி விரியும்போது இந்தக் கணக்கு ஒருமுறை தலைகீழாகும், தலை மாறும்போது இன்னொரு முறை. எல்லாம் அடங்கியபின், கடைசியாகக் குளிர்ந்த தலைப்பக்கமே குட்டையாக மிஞ்சும். கடைசியாகக் குளிரும் பக்கம் உள்வளையும் என்று உருட்டாலைக்காரர்கள் அனுபவத்தில் சொல்வது இதைத்தான். அதனால்தான் பல ஆலைகளில் தண்டவாளத்தை மேடைக்குள் தள்ளும்போதே எதிர்த்திசையில், தலை வெளிவளைவில் இருக்கும்படி, முன்கூட்டி வளைத்துவிடுகிறார்கள். எவ்வளவு வளைக்கவேண்டும் என்பதைக் கண்டுபிடிப்பதே இந்த வகைக் கணினி மாதிரிகளுக்கு ஆலையில் உள்ள முதல் பயன்.

இனி உங்கள் மாதிரிக்கு வருகிறேன். வெப்பப் பகுதி ஓரளவு பொருந்துகிறது என்கிறீர்கள். அந்த 'ஓரளவு' எனக்குக் கவலை தருகிறது. உயர் வெப்பநிலையில் கதிர்வீச்சுதான் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. மேற்பரப்பில் படிந்த ஆக்சைடு செதிலின் உமிழ்திறனை (வெப்பத்தைக் கதிர்வீசும் திறன்; அதிகபட்சம் 1) 0.8 என்று கொண்டால், 900 டிகிரி செல்சியஸில் கதிர்வீச்சு மட்டும் சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு ஏறத்தாழ 98 வாட். 200 டிகிரியில் அதுவே 11 வாட்டாகச் சரிகிறது. இயல்பான காற்றோட்டம் இரண்டு நிலையிலும் ஏறத்தாழ 5 முதல் 10 வாட் வரைதான். எனவே 900 டிகிரியில் காற்றோட்டத்தைத் தவறாகப் போட்டாலும் பெரிய பிழை வராது. ஆனால் பார்வைக் காரணியை, அதாவது ஒரு பரப்பு மற்றொன்றை எவ்வளவு பார்க்கிறது என்பதை, தவறவிட்டால் வரும். தலையின் அடிப்புறமும் அடியின் மேற்புறமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவை வெளியேற்றும் வெப்பத்தில் ஒரு பகுதி திரும்பி அவற்றுக்கே வருகிறது. மேடையில் அருகில் கிடக்கும் அடுத்த தண்டவாளமும் சூடானதுதான். ஒன்றின் தலை மற்றொன்றின் அடியை எதிர்நோக்கிக் கிடக்கலாம். முழுச் சுற்றளவுக்கும் ஒரே கெழுவைப் போட்ட மாதிரி, சராசரி வெப்பநிலையைச் சரியாகக் காட்டிக்கொண்டே தலைக்கும் அடிக்கும் இடையிலான வேறுபாட்டில் பெரிதும் தவறலாம். நமக்கு வேண்டியது அந்த வேறுபாடுதான். சராசரி பொருந்துகிறது என்று திருப்தியடைந்துவிடாமல், தலையின் மையம், நடுத்தகடு, அடியின் விளிம்பு ஆகிய மூன்றின் வேறுபாடுகளை நேரத்துக்கு எதிராக வரைந்து ஒப்பிடுங்கள்.

உள்ளுறை வெப்பத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. நான் முதன்முதலில் இத்தகைய கணக்கைச் செய்தபோது அதில் விழுந்து, இரண்டு வாரம் வீணாக்கினேன். ஐரோப்பிய கட்டுமானத் தரநிலையில், தீவிபத்தில் எஃகு சூடாவதைக் கணிக்கத் தரப்பட்டிருக்கும் தன்வெப்ப (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம்) அட்டவணை எளிதாகக் கிடைக்கும். அதில் 735 டிகிரியில் மதிப்பு 5000 ஜூல் வரை எகிறும் ஒரு முகடு உண்டு. அது சூடாகும் கட்டுமான எஃகுக்கானது. குளிரும் தண்டவாள எஃகில் கார்பன் 0.6 முதல் 0.8 சதவீதம் வரை இருக்கும். காற்றில் குளிரும்போது மாற்றம் சமநிலை வெப்பநிலையான 727 டிகிரியில் நடக்காது, பல பத்து டிகிரி கீழே இறங்கிய பிறகே தொடங்கும். அந்த முகட்டை அப்படியே எடுத்தால் வெப்பம் தவறான நேரத்தில் வெளிவரும். அதோடு நிலைமாற்றக் கணக்கிலும் உள்ளுறை வெப்பத்தைத் தனியாகச் சேர்த்திருந்தால் ஒரே வெப்பம் இருமுறை எண்ணப்படும். பெர்லைட் மாற்றத்தின் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு ஏறத்தாழ 80 கிலோஜூல். அந்தப் பகுதியில் தன்வெப்பம் 650 ஜூல் அளவு என்றால், அது 120 டிகிரி குளிர்வுக்குச் சமம். இவ்வளவு பெரிய எண்ணை இருமுறை எண்ணினால், அல்லது தவறான கணத்தில் எண்ணினால், தலைக்கும் அடிக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு முழுவதுமே பொய்யாகிவிடும். முகடில்லாத, ஆஸ்டெனைட்டுக்கும் பெர்லைட்டுக்கும் தனித்தனியான தன்வெப்ப மதிப்புகளைக் கொண்டு, உள்ளுறை வெப்பத்தை மாற்றத்தின் வேகத்தோடு இணைப்பதே முறையான வழி.

மாற்றத்தின் வேகத்துக்கு ஜான்சன், மெல், அவ்ராமி ஆகியோர் 1930களின் இறுதியில் வகுத்த வடிவமும், மாறும் வெப்பநிலைக்கு அதைப் பொருத்த ஷைல் 1935இல் சொன்ன கூட்டல் விதியும் இந்த எஃகுக்குப் போதுமானவை. இங்கே அதிக நேரம் செலவிடவேண்டாம். உங்கள் எஃகின் தொடர்குளிர்வு வரைபடம் (எந்த வேகத்தில் குளிர்ந்தால் மாற்றம் எப்போது நடக்கும் என்று காட்டுவது) கையில் இருந்தால் அதற்குப் பொருத்திவிட்டு நகருங்கள்.

நேரம் செலவிடவேண்டிய இடம் இயந்திரவியல் பகுதி. உங்கள் உள்ளீட்டைப் பார்த்தால், யீல்டு தகைவு வெப்பநிலையோடு மாறுவதாகக் கொடுத்திருக்கிறீர்கள், அது நல்லது. ஆனால் அந்த மதிப்புகள் எந்தத் திரிபு வேகத்தில் அளக்கப்பட்டவை? வழக்கமான சூடான இழுவைச் சோதனையில் வேகம் நொடிக்கு ஆயிரத்தில் ஒன்று அல்லது அதற்கும் மேல். மேடையில் நொடிக்கு ஒரு டிகிரி குளிரும் தண்டவாளத்தில் திரிபு வேகம் லட்சத்தில் இரண்டு என்ற அளவுதான். 700 டிகிரிக்கு மேல் எஃகு மெதுவாக இழுத்தால் மெதுவாகவே வழிந்து கொடுக்கும். வேகமாக இழுத்தால் விறைத்து நிற்கும். வேகமான சோதனையின் மதிப்பை மெதுவான நிகழ்வுக்குப் போட்டால், மாதிரியில் எஃகு உள்ளதைவிட வலுவாக இருக்கும், பிளாஸ்டிக் திரிபு குறையும், தண்டவாளம் நேராகும். நீங்கள் காண்பது இதில் ஒரு பகுதி.

மறு பகுதி, அநேகமாகப் பெரிய பகுதி, நிலைமாற்ற நெகிழ்ச்சி. மாறிக்கொண்டிருக்கும் எஃகு, யீல்டு தகைவுக்கு மிகக் கீழான தகைவிலும் நிலையாகத் திரிந்துவிடும் என்பது நீண்டகாலமாக அறியப்பட்டது. கிரீன்வுட்டும் ஜான்சனும் 1965இல் அதற்குத் தெளிவான விளக்கம் கொடுத்தார்கள்: மாறிய பகுதியும் மாறாத பகுதியும் வெவ்வேறு கன அளவு கொண்டவையாதலால், மென்மையான பகுதி உள்ளுக்குள் ஏற்கெனவே பிளாஸ்டிக்காக நசுங்கிக்கொண்டிருக்கிறது, வெளியிலிருந்து வரும் சிறு தகைவு கூட அந்த நசுங்கலுக்கு ஒரு திசையைக் கொடுத்துவிடுகிறது. லெப்லோன் 1980களில் இதைக் கணினிக் கணக்குக்கு ஏற்ற வடிவில் எழுதினார். பெர்லைட் மாற்றத்துக்கு இந்தத் திரிபின் கெழு மெகாபாஸ்கலுக்குப் பத்தாயிரத்தில் ஒன்று என்ற வரிசையில் இருக்கும். வெறும் 10 மெகாபாஸ்கல் தகைவு இருந்தாலே 0.001 திரிபு. தலைக்கும் அடிக்கும் இடையே அதில் பாதி அளவு வேறுபாடு மிஞ்சினாலும், 172 மி.மீ. உயரத்தில், 10 மீட்டர் துண்டுக்கு 36 மி.மீ. வளைவு வந்துவிடும். யீல்டை மட்டும் பார்க்கும் மாதிரியில் 10 மெகாபாஸ்கல் என்பது எதையும் செய்யாத தகைவு. உங்கள் மாதிரி அதை மீள்திரிபாகக் கணக்கில் வைத்து, பிறகு முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

இதோடு சேர்த்துச் செய்யவேண்டிய ஒன்று: ஆஸ்டெனைட்டில் சேர்ந்த பிளாஸ்டிக் திரிபு உண்டாக்கிய விறைப்பை, அது பெர்லைட்டாக மாறும்போது அழித்துவிடவேண்டும். புதிதாகப் பிறக்கும் பெர்லைட்டுக்குப் பழைய ஆஸ்டெனைட்டின் வரலாறு தெரியாது. பொதுப்பயன் மென்பொருள்கள் பலவற்றில் இது இயல்பாக நடக்காது. பயனர் எழுதும் துணைநிரலில் நீங்களே செய்யவேண்டியிருக்கும்.

வடிவத்தைப் பொறுத்தவரை முப்பரிமாணத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. நீண்ட தண்டவாளத்தின் ஒரு குறுக்குவெட்டை மட்டும் எடுத்து, அது நீளவாக்கில் ஒரே சீராக நீளவும் ஒரே சீராக வளையவும் அனுமதித்து, மொத்த விசையும் திருப்புத்திறனும் ஒவ்வொரு கணமும் சுழியாக இருக்கும்படி கணக்கிடுவது போதும். பொதுமைப்படுத்திய தளத்திரிபு உறுப்புகள் இதற்கென்றே இருக்கின்றன. சில நூறு உறுப்புகளில் முடியும், சில நிமிடங்களில் ஓடும், ஒரே நாளில் இருபது முறை ஓட்டிப் பார்க்கலாம். உராய்வையும் இதிலேயே இரு எல்லைகளாகப் பார்க்கலாம்: வளைவைச் சுதந்திரமாக விட்டால் முனைப்பகுதி, வளைவைச் சுழியாகப் பிடித்துவைத்துக் கடைசியில் விடுவித்தால் நடுப்பகுதி. உண்மையான தண்டவாளம் இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும். நகரும் மேடை அதைத் தூக்கித் தூக்கி வைப்பதால் பிடிப்பு அவ்வப்போது தளரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சோதிக்கும் வரிசையும் முக்கியம். முதலில் பிளாஸ்டிக் திரிபை முழுவதும் அணைத்துவிட்டு ஓட்டுங்கள். இறுதி வளைவு துல்லியமாகச் சுழியாக வரவேண்டும். வராவிட்டால் நீள்விரிவு அட்டவணையில் சூடாகும் வழியும் குளிரும் வழியும் கலந்திருக்கிறது என்று பொருள். அடுத்து, நேர்கோட்டு வெப்பநிலைச் சரிவைச் செயற்கையாகக் கொடுத்துப் பாருங்கள்; தகைவு எங்கும் தோன்றக்கூடாது. பிறகு சாதாரண பிளாஸ்டிக் திரிபை இயக்குங்கள், அதன் பிறகு மெதுவேக யீல்டு மதிப்புகள், கடைசியாக நிலைமாற்ற நெகிழ்ச்சி. ஒவ்வொரு படியிலும் இறுதி வளைவு எவ்வளவு நகர்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு, ஆலையில் அளந்த வளைவுக்குப் பொருந்தும் வரை உமிழ்திறனைத் திருகிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எண் பொருந்திவிடும், அடுத்த வகைத் தண்டவாளத்துக்குப் போனதும் உடைந்துவிடும். வெப்பக் கெழுக்களை வெப்பமானிகளின் அளவைக் கொண்டு மட்டுமே தீர்மானியுங்கள், வளைவைக் கொண்டு ஒருபோதும் வேண்டாம்.

எப்படியும் உருளைகளுக்கு இடையே செலுத்தி நேராக்கிவிடுகிறார்களே, பிறகு ஏன் இந்தப் பாடு என்றும் கேட்டிருந்தீர்கள். நேராக்கும் உருளைகள் தண்டவாளத்தை முன்னும் பின்னும் வளைத்துத்தான் நேராக்குகின்றன. அதில் தலையிலும் அடியிலும் இழுவிசைத் தகைவும் நடுத்தகட்டில் அமுக்கத் தகைவும் எஞ்சிவிடுகின்றன. அடியில் எஞ்சும் இழுவிசை, களைப்பு விரிசல் (திரும்பத் திரும்ப வரும் சுமையால் ஏற்படும் விரிசல்) அங்கே வளர உதவும். அதனால் ஐரோப்பியத் தண்டவாளத் தரநிலை 13674-1, அடியின் நடுவில் அது 250 மெகாபாஸ்கலுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. உருளைக்குள் நுழையும் தண்டவாளம் எவ்வளவு வளைந்திருக்கிறதோ, அதுவும் முனைக்கு முனை எவ்வளவு வேறுபட்டிருக்கிறதோ, அவ்வளவு கடுமையாக வளைக்கவேண்டியிருக்கும். முனைகளோ உருளைகளின் முழுப் பிடிக்குள் வருவதே இல்லை. அங்கே தனியாக அழுத்திச் சரிசெய்கிறார்கள். ஆகவே உங்கள் மாதிரியிலிருந்து ஆலைக்குக் கொடுக்கவேண்டியது நடுப்பகுதியின் ஒற்றை வளைவு எண் மட்டுமல்ல. முனையிலிருந்து முதல் 10, 12 மீட்டருக்குள் வளைவு எப்படி மாறுகிறது என்ற வரைபடமும், குளிர்ந்த நிலையில் குறுக்குவெட்டு முழுவதிலும் எஞ்சியிருக்கும் தகைவும் சேர்த்துத்தான். குறுக்குவெட்டு மாதிரி மேலே சொன்ன சோதனைகளைத் தாண்டிய பிறகு, அந்த முனைப்பகுதிக்காக மட்டும் முப்பரிமாணத்துக்குப் போங்கள். உராய்வைச் சரியாகச் சேர்க்கவேண்டிய இடம் அதுதான்.